கடதாசியில் உலோக ஒளி

மேசையின்மீது ஒரு முழ உயரமுள்ள ரொக்கெட்டொன்று நிறுத்தி வைக்கப்பட்டிருக்கின்றது. அதன் உடல் வெள்ளியில் வார்த்தது போல ஒளிர்கின்றது. எதிரேயுள்ள சாளரத்தின் சட்டம் அதன் பக்கத்தில் நெளிவின்றி ஒரே கோடாகத் தெரிகின்றது. பாரமான பொருளென்று எண்ணிக் கையை நீட்டுபவர் அதனை எடுத்தவுடன் வியப்படைவர். ஒரு கோழி முட்டையின் நிறைகூட அதற்கு இல்லை. உடல் கடதாசிக் குழாய். செட்டைகள் மெல்லிய மரத்தகடுகள். மூக்குக் கூம்பும் மரத்திற் கடைந்ததே. கண்ணுக்கு உலோகமாகவும் கைக்குக் கடதாசியாகவும் தோன்றும் இப்பொருள் பொழுதுபோக்குக்கென ஆக்கப்பட்டதாயினும், உண்மையாகவே பல நூறு அடி உயரம் சென்று பரசூட்டின் துணையோடு மீளவல்லது. அதன் மேனியிற் காணப்படும் ஒளி எவ்வாறு பெறப்படுகின்றது, அவ்வொளியினாற் பயனுண்டா என்பனவே இப்பேச்சின் பொருளாகும்.

மாதிரி ரொக்கெட்டுக் கலை இன்றுள்ள வடிவத்தை அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் பெற்றது. நெப்ராஸ்கா மாநிலத்தின் நோர்போக் என்னும் ஊரிற் சப்பாத்துக் கடை நடத்திவந்த ஓர்வில் கார்லைல் என்பவர் வாண வேடிக்கையில் ஈடுபாடு மிக்கவர். அவருடைய சகோதரர் றொபேட் மாதிரி விமானங்களைப் பறக்கவிடுபவர். இவ்விருவரும் 1954ஆம் ஆண்டில், கடதாசியாலும் மரத்தாலும் இயன்ற உடலும், மாற்றி வைக்கத்தக்க சிறு மோட்டாரும், மீண்டும் இறங்குவதற்குப் பரசூட்டும் கொண்ட ரொக்கெட்டை அமைத்தனர். அந்நாளில் நியூ மெக்சிகோவிலுள்ள வைட் சாண்ட்ஸ் ஏவுதளத்திற் பணியாற்றிய ஹரி ஸ்டைன் என்பவர், இளைஞர்கள் தாமாகவே ரொக்கெட்டு செய்ய முயன்று விபத்துக்குள்ளாவதைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதிவந்தார். அதனை வாசித்த கார்லைல் 1957ஆம் ஆண்டின் தொடக்கத்திற் தமது ரொக்கெட்டுகளை அவருக்கு அனுப்பிவைத்தார். தாம் தேடிய விடை அதிலிருப்பதை ஸ்டைன் உடனே உணர்ந்தார்.

அவ்விடை எத்துணை வேண்டப்பட்டது என்பது அதே ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் தெளிவாயிற்று. அன்று சோவியத் நாடு ஸ்புட்னிக்கை வானிற் செலுத்தியது. பள்ளி மாணவர் பலரும் தாமும் ரொக்கெட்டு செய்ய விழைந்தனர். கையிற் கிடைத்த இரும்புக் குழாயில் வெடிக்கும் கலவைகளை அடைத்தவர்கள் விரல்களை இழந்தனர்; கண்களை இழந்தனர்; உயிர் துறந்தோரும் உளர். உலோகக் குழாய் வெடித்தால் ஒவ்வொரு துண்டும் ஒரு குண்டாகின்றது. ஆகவே மாதிரி ரொக்கெட்டுக்கென முதன்முதல் வகுக்கப்பட்ட பாதுகாப்பு விதிகள், அதன் கட்டமைப்பு கடதாசி, மரம், பிளாஸ்டிக், இறப்பர் போன்ற இலேசான பொருட்களால் அமைதல் வேண்டும், உலோகம் ஆகாது என்று கட்டளையிட்டன. மோட்டாரும் தானே கலந்து செய்யத்தக்கதன்று. தொழிற்சாலையிற் செய்ததையே பயன்படுத்த வேண்டும். 1958இல் டென்வர் நகரிற் தொழில் தொடங்கிய வேர்ன் எஸ்டிஸ் என்பவர் இத்தகைய மோட்டார்களை வரிசையாகச் செய்யும் இயந்திரமொன்றை ஆக்கினார். அதற்கு 'மேபல்' என்று செல்லப்பெயரும் இட்டனர்.

உலோகம் விலக்கப்பட்டதாயினும் உலோகத்தின் மீதிருந்த ஆசை விலகவில்லை. காரணம், அக்காலத்திற் புகழ்பெற்ற பெரிய ரொக்கெட்டுகள் வெள்ளியெனப் பிரகாசித்தமையே. 1962ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் நாள் ஜோன் கிளென் என்பவரைப் பூமியைச் சுற்றிவர ஏற்றிச்சென்ற அட்லஸ் ரொக்கெட்டின் உடல் துருப்பிடிக்காத உருக்குத் தகட்டினால் ஆனது. அத்தகடு சில இடங்களில் ஒரு மில்லிமீற்றரிலும் மெல்லியது. உள்ளிருந்த அமுக்கமே அது மடிந்துவிடாமற் காத்தது. நிறையைக் குறைப்பதற்காகவே அமைக்கப்பட்ட அவ்வுடலுக்கு வர்ணம் பூசப்படவில்லை. காலை வெயிலில் அது ஒளிவீசி நின்ற படங்களைக் கண்ட சிறுவன், தன் கடதாசி ரொக்கெட்டும் அவ்வாறே விளங்க வேண்டுமென விரும்பியதில் வியப்பொன்றுமில்லை.

அவன் முதலிற் செய்வது என்ன? கடையில் வெள்ளி வர்ணம் ஒரு குப்பி வாங்குகின்றான். ரொக்கெட்டை ஒட்டி முடித்த அன்றே அவ்வர்ணத்தைத் தாராளமாகப் பூசுகின்றான். மறுநாட் காலையில் அவன் காண்பது வெள்ளியன்று, சாம்பல். கடதாசிக் குழாயைச் சுற்றியோடும் தையல் வரி முன்னிலும் நன்றாகத் தெரிகின்றது. செட்டைகளில் மரத்தின் நார்கள் ஒவ்வொன்றாக எண்ணத்தக்கனவாயுள்ளன. பசை வழிந்த இடம், விரல் பட்ட இடம், தூசி ஒட்டிய இடம் யாவும் பறைசாற்றி நிற்கின்றன. குறைகளை மூடுமென்று எண்ணிப் பூசிய பூச்சு, மூடியிருந்த குறைகளையும் வெளிப்படுத்திவிட்டது. அவன் குப்பியைக் குறைகூறுகின்றான். குற்றம் குப்பியினுடையதன்று.

இதன் காரணத்தை அறிய ஒளியின் இயல்பைச் சிறிது நோக்குதல் வேண்டும். வெள்ளைச் சுண்ணாம்பு பூசிய சுவர்மீது விழும் ஒளி எல்லாத் திசைகளிலும் சிதறுகின்றது. எங்கிருந்து பார்த்தாலும் அது ஒரே வெண்மையாகத் தெரிகின்றது. சிறு மேடுபள்ளங்கள் புலப்படுவதில்லை. உலோக மேற்பரப்போ ஒளியைச் சிதறவிடாது ஒரு திசையிலேயே திருப்பியனுப்புகின்றது. அசையாத குளத்து நீரில் முழுநிலா ஒன்றாகத் தெரியும்; சிறு காற்று வீசினாற் போதும், அது நூறு துண்டாகிவிடும். நீரின் மட்டம் மாறியது மயிரளவேயாயினும் நிலாவின் உருவம் முற்றாகச் சிதைகின்றது. உலோக ஒளியுடைய பூச்சும் அத்தகையதே. அதன் அடியிலுள்ள கீறல் ஒவ்வொன்றும் ஒளியைத் தன் வழியே திருப்பித் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

இனி அவ்வர்ணம் யாதெனக் காண்போர் மேலும் ஒன்றை அறிவர். வெள்ளி வர்ணத்தில் வெள்ளியில்லை, அலுமினியமே உண்டு. அதுவும் மணல் போன்ற பொடியாக இராமல், மிக நுண்ணிய செதில்களாக இருக்கின்றது. ஒரு செதிலின் அகலம் பத்து மைக்ரோன் முதற் சில பத்து மைக்ரோன் வரை இருக்கலாம். தடிப்போ பெரும்பாலும் ஒரு மைக்ரோனை ஒட்டியது அல்லது அதனினும் குறைந்தது. மைக்ரோன் என்பது மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கு. வர்ணம் காயும்போது இச்செதில்கள் கூரையில் வேய்ந்த ஓடுகள் போல ஒன்றன்மேலொன்று படிந்து தட்டையாகக் கிடக்குமாயின், அவை யாவும் சேர்ந்து ஓர் ஆடி போலாகும். கோணலாகவும் செங்குத்தாகவும் நின்றுவிடுமாயின், ஒளி சிக்குண்டு சாம்பல் நிறமே எஞ்சும். ஆதலின் உலோக ஒளியை நாடுபவனுக்குரிய பணிகள் இரண்டு. செதில்கள் படுப்பதற்குச் சமமான தரையை அமைத்தல் ஒன்று. அவை அமைதியாகப் படுக்க இடமளித்தல் மற்றொன்று. முதற்பணிக்கு நாட்கள் பல வேண்டும். இரண்டாவது பணி சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

தரையமைத்தல் குழாயிலிருந்து தொடங்குகின்றது. கடதாசி நாடாவைச் சுருளாகச் சுற்றிச் செய்யப்படுவதால், குழாயின் மேனியில் மெல்லிய பள்ளமொன்று கொடிபோலச் சுற்றிச் செல்லும். தச்சர் ஆணித்துளைகளை அடைக்கப் பயன்படுத்தும் மக்கை நீர்விட்டுப் பாலாடைபோற் குழைத்து, தூரிகையால் அப்பள்ளத்தின்வழியே இடுதல் வேண்டும். அது நன்கு உலர்ந்தபின், அரத்தாளினால் மெதுவாகத் தேய்த்தால், மேலே நிற்பது நீங்கிப் பள்ளத்திலுள்ளது மட்டும் எஞ்சும். உலருமுன் தேய்ப்பவன் மக்கையும் கடதாசியையும் சேர்த்துப் பிய்த்துவிடுவான்.

செட்டைகளின் நிலை இதனினும் கடினம். அவை பெரும்பாலும் பல்சா என்னும் மரத்தினால் ஆனவை. அம்மரம் தென்னமெரிக்காவில், சிறப்பாக எக்குவடோர் நாட்டில், விரைந்து வளர்வது. ஆறு முதற் பத்து ஆண்டுகளில் வெட்டுவதற்கு ஆயத்தமாகிவிடும். அதன் நிறை நீரின் நிறையில் ஏறக்குறைய ஆறிலொரு பங்கே. தோர் ஹெயர்டால் என்பவர் 1947இல் பெரு நாட்டிலிருந்து பசிபிக் சமுத்திரத்தைக் கடந்துசென்ற கொன்ரிக்கி என்ற தெப்பம் இம்மரத்தாற் கட்டப்பட்டதே. இலேசாயிருப்பதற்குக் காரணம் அதனுள்ளே நிறைந்திருக்கும் வெற்றறைகள். அவ்வறைகளே வர்ணம் பூசுவோனுக்குப் பகையாகின்றன. ஊற்றுகின்ற வர்ணத்தையெல்லாம் அவை உறிஞ்சிக்கொள்ளும். நார்களும் ஈரம்பட்டு நிமிர்ந்து நிற்கும்.

ஆகவே மரத்தின் துளைகளை அடைக்கும் திரவமொன்றைச் செட்டையின் இருபுறமும் பூசுவர். ஒருபுறம் மட்டும் பூசினால் மரம் வளைந்துவிடும். உலர்ந்தபின் தொட்டுப்பார்த்தால் அது முன்னிலும் சொரசொரப்பாக இருக்கும். இதனைக் கண்டு மனந்தளர்வோர் பலர். நிமிர்ந்த நார்களை 320ஆம் இலக்க அரத்தாளினால் தேய்த்தகற்றி, மீண்டும் பூசி, மீண்டும் உலரவிட்டு, 400ஆம் இலக்கத் தாளினால் மீண்டும் தேய்த்தல் வேண்டும். மூன்று முறையிற் சில மரங்கள் பணியும். சிலவற்றுக்கு ஐந்து, ஆறு முறையும் வேண்டியிருக்கும். எத்தனை முறை என்பதை எண்ணிக்கை கொண்டு முடிவுசெய்தல் பிழை. செட்டையை விளக்கருகே சாய்த்துப் பிடித்து, ஒளி அதன்மீது படுத்துச் செல்லும்படி நோக்கினால், நார்கள் அடங்கினவா இல்லையா என்பது தெரியும். செட்டை உடலோடு சேரும் மூலையிலும் பசையைச் சிறிதளவு தடவி, விரலால் வழித்து, குழிவான வளைவாக்கிவிடுவர். அது மூட்டுக்கு வலிமையும் தரும். காற்று தங்குதடையின்றிச் செல்லவும் உதவும்.

இதன்பின்னரே அடிப்பூச்சு. பெரும்பாலும் இது ஒளியற்ற சாம்பல் நிறமாக இருக்கும். இதன் பயன்கள் இரண்டு. மேலே வரும் வர்ணம் பற்றிக்கொள்வதற்கு ஏற்ற பிடிப்பைத் தருதல் ஒன்று. கடதாசியின் கபில நிறம், மரத்தின் வெண்மை, மக்கின் மஞ்சள் என்ற வேறுபாடுகளையெல்லாம் ஒரே நிறத்தில் அடக்கி, மேடுபள்ளங்களை மட்டும் கண்ணுக்குக் காட்டுதல் மற்றொன்று. பூசிய அடிப்பூச்சிற் பெரும்பகுதியைத் தேய்த்தே எடுத்துவிடுவர். பள்ளங்களில் தங்கியது போக எஞ்சியது சுமையன்றி வேறல்ல. இறுதியில் 600ஆம் இலக்கத் தாளைச் சில துளி நீரில் நனைத்துத் தேய்ப்பதும் உண்டு. ஆனால் உடல் கடதாசி என்பதை அப்பொழுது மறத்தலாகாது. அடிப்பூச்சுத் தேய்ந்து கடதாசி வெளிப்பட்ட இடத்தில் நீர் புகுந்தாற் குழாய் ஊதிவிடும். பல நாள் உழைப்பு ஒரு கணத்திற் கெடும்.

கண்ணுக்குத் தப்பியதை விரல் கண்டுபிடிக்கும். கண்களை மூடிக்கொண்டு விரல் நுனியை மெல்ல ஓட்டினால், எந்த இடத்தில் ஓட்டம் தடைப்படுகின்றதோ அங்கே குறையுண்டு. ஆனால் இச்சோதனை முடிந்ததும் மேனியைத் துணியாற் துடைத்துவிட்டுப் பின்னர்க் கைபடாது காத்தல் வேண்டும். விரலிலுள்ள எண்ணெய்ப்பசை படிந்த இடத்தில் வர்ணம் ஒட்டாது விலகி, மீன் கண் போன்ற வட்டக் குழிகளை உண்டாக்கும்.

உலோக வர்ணத்துக்கு முன் இன்னுமொரு பூச்சு உண்டு. பளபளப்பான கறுப்பு வர்ணத்தை மெல்லியதாகப் பூசி, கண்ணாடிபோலாக்கிக்கொள்வர். ஆடி போன்ற ஒளியை நாடும் பூச்சுகளுக்குக் கறுப்பே சிறந்த அடித்தளம். செதில்களுக்கிடையே நுழையும் ஒளியை அது விழுங்கிவிடுவதால், செதில்கள் திருப்பும் ஒளி மட்டும் கண்ணை அடைகின்றது. இக்கறுப்புப் பூச்சு முற்றாக உலர்ந்ததா என்பதை மூக்கினால் அறியலாம். அருகே முகர்ந்தாற் கரைப்பானின் வாசனை வீசுமாயின், உள்ளே இன்னும் ஈரமுண்டு. அந்நிலையில் மேற்பூச்சு இட்டால் இரண்டும் சேர்ந்து முதலைத் தோல் போற் சுருங்கும். ஒரு வகை வர்ணத்தின்மேற் கடுமையான கரைப்பானுடைய வேறு வகையைப் பூசினாலும் இதே கேடு நேரும். ஆகையாற் பழகியவர்கள் பயனற்ற குழாய்த் துண்டொன்றில் முதலிற் பூசிப் பார்ப்பர்.

இனி இரண்டாவது பணி. வர்ணத்தை அழுத்திய வாயுவினால் விசிறும் தகரக் குப்பி இன்று எங்கும் கிடைக்கின்றது. அதன் தோற்றமே அலுமினிய வர்ணத்தோடு தொடர்புடையது. இலினோய் மாநிலத்தின் சிகமோர் நகரில் வர்ண வியாபாரஞ் செய்த எட்வேட் சீமூர் என்பவர், தமது அலுமினிய வர்ணத்தைப் பிறருக்குப் பூசிக்காட்ட எளிய வழி தேடியபோது, அவருடைய மனைவியார் கூறிய யோசனையின்படி 1949இல் இதனை அமைத்தார். வர்ணம் விசிறும் குப்பிகளுள் முதலாவது வெளியிட்டது அலுமினியத்தையே.

செதில்கள் வர்ணத்திலும் பாரமானவை. குப்பியின் அடியிற் தங்கிவிடும். உள்ளேயுள்ள குண்டு ஓசையிடும்படி இரண்டொரு நிமிடம் குலுக்காது விசிறினால், முதலில் வருவது வெறும் எண்ணெய் போன்றதே. ரொக்கெட்டின் வாற்புறத்தில், மோட்டார் பொருந்தும் துளையில், ஒரு கோலைச் செருகிப் பிடித்துக்கொண்டால் மேனியிற் கைபடாது சுழற்றலாம். குப்பிக்கும் ரொக்கெட்டுக்கும் இடையே 25 முதல் 30 சென்டிமீற்றர் வரை இருத்தல் நன்று. மிக நெருங்கினால் வர்ணம் வழியும். மிக விலகினால் துளிகள் காற்றிலேயே உலர்ந்து தூள்போற் படியும். விசிறலை ரொக்கெட்டுக்கு வெளியே தொடங்கி, கை நில்லாது ஒரே வேகத்திற் கடந்து, மறுபுறம் வெளியே சென்றபின் நிறுத்துதல் வேண்டும். தொடங்கும் இடத்திலும் நிறுத்தும் இடத்திலுமே துளிகள் பெருகி விழும்.

இங்கேதான் ஆசை இடையூறாகின்றது. முதல் விசிறலில் மேனி முழுவதும் மூடப்படுவதில்லை. கறுப்பு ஊடாகத் தெரியும். இன்னும் சிறிது, இன்னும் சிறிது என்று கை தானாகவே செல்கின்றது. வர்ணம் தடித்து ஈரமானவுடன் செதில்கள் அதனுள்ளே மிதந்து அலைந்து, கூட்டங் கூட்டமாகச் சேர்ந்து, மேகம் படிந்தாற்போல இருண்ட திட்டுகளை உண்டாக்கும். மெல்லிய பூச்சாயின் செதில்கள் விழுந்த இடத்திலேயே படுத்துவிடும். ஆகவே பனி படிவதுபோல மிக மெல்லியதாக விசிறி, சில நிமிடம் பொறுத்து, மீண்டும் அவ்வாறே விசிறி, மூன்றாவது முறையில் மேனி மூடப்படும்படி செய்வோரே வெற்றிபெறுவர். எல்லா விசிறல்களும் ஒரே திசையிற் செல்லுதலும் அவசியம். இல்லையேற் செதில்கள் சாயும் திசை மாறி, ஒரே வர்ணம் இரு நிறமாகத் தோன்றும்.

வானிலையும் இதில் ஒரு பங்காளி. கரைப்பான் விரைந்து ஆவியாகும்போது மேற்பரப்புக் குளிர்கின்றது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அக்குளிர்ந்த மேனியில் நீர் நுண்துளிகளாகப் படிந்து, வர்ணத்துட் சிக்கி, பால் கலந்தாற்போல் வெளிறச் செய்யும். மழை நாளில் விசிறாது காத்திருப்பதே அதற்கு மருந்து. காற்று வீசும் திறந்த வெளியிலே தூசி ஒட்டும். அடைத்த அறையிலே ஆவி நிறையும். அவ்வாவி தீப்பற்றவல்லது, மூச்சுக்கும் கேடானது. கதவு சாளரம் திறந்திருக்க, அருகில் அடுப்போ விளக்குச் சுடரோ இன்றி, மூக்கையும் வாயையும் ஏற்ற கவசத்தால் மூடிக்கொண்டு இவ்வேலையைச் செய்தல் வேண்டும். மோட்டாரை ஏவுகின்ற இடத்திற்குச் சென்ற பின்னரே பொருத்துவது முறை. வர்ணம் பூசும் மேசையில் அதற்கு இடமில்லை.

பிழை நேர்ந்தால் என் செய்வது? உடனே துடைக்க முயல்வது பிழையைப் பெரிதாக்கும். வழிந்த வர்ணத்தை வழிந்தபடியே விட்டு, முற்றாக உலர்ந்தபின் அவ்விடத்தைத் தேய்த்துச் சமப்படுத்தி மீண்டும் பூசுவதே வழி. ஆனால் உலோகப் பூச்சைத் தேய்த்து மெருகிட எண்ணுதல் ஆகாது. தேய்த்த மாத்திரத்திலே செதில்கள் வெட்டுண்டு சாம்பற் கீறல்கள் தோன்றும். மெருகு வேண்டுவோர் அதன்மேல் நிறமற்ற தெளிந்த பூச்சொன்றை இட்டு அதனையே தேய்த்தல் வேண்டும். அதிலும் ஓர் எச்சரிக்கையுண்டு. சில வர்ணங்களிற் செதில்கள் மேலெழுந்து மிதந்து, மேற்பரப்பிலேயே ஆடிபோற் படிகின்றன. அவற்றின்மேல் எதனைப் பூசினாலும் செதில்கள் கலைந்து ஒளி மங்கிவிடும். அத்தகையவற்றைப் பூசியபடியே விட்டு, கைபடாது பேணுவதே தக்கது.

இத்தனை பாடும் கண்ணுக்கு விருந்தாதற்கு மட்டுமா என்று வினவலாம். ஒளிக்காக மட்டுமாயின் அது வீண் அலங்காரமே. ஆனால் அவ்வொளியைத் தாங்கும் சமமான மேனி பறத்தலுக்கும் உதவுகின்றது. லூட்விக் பிராண்டல் என்னும் ஜேர்மன் அறிஞர் 1904இல் விளக்கியபடி, காற்றிற் செல்லும் பொருளையொட்டி மெல்லிய காற்றுப் படலமொன்று அதனைப் பற்றி நிற்கின்றது. அப்படலம் குழப்பமின்றி அடுக்கடுக்காக வழுக்கிச் சென்றால் உராய்வு குறையும். சொரசொரப்பினாற் கலங்கினால் உராய்வு மிகும். இங்கிலாந்தின் ஸ்பிட்பயர் விமானத்தில் இதனை ஒரு வேடிக்கையான முறையிற் சோதித்தார்கள். அதன் மேனியிற் சமமாகப் பதிக்கப்பட்ட தறையாணிகளின்மேல் உடைத்த பட்டாணிப் பருப்புகளை ஒவ்வொன்றாக ஒட்டிப் பறக்கவிட்டபோது, வேகம் மணிக்கு 22 மைல் குறைந்ததாம். பின்னர் பருப்புகளை இடத்துக்கு இடம் அகற்றி, எங்கே சமமான ஆணி வேண்டும், எங்கே வேண்டாம் என்பதை அறிந்துகொண்டனர். பருப்பளவான மேடு பெரிய போர் விமானத்தையே தடுக்குமாயின், விரலளவு ரொக்கெட்டில் மரநாரும் மக்குத்துளியும் செய்வது சிறிதாகாது.

எனினும் பூச்சுக்கும் நிறையுண்டு. ஐம்பது கிராம் நிறையுள்ள ரொக்கெட்டில் ஐந்து கிராம் வர்ணம் ஏறினால், அதன் சுமையிற் பத்திலொரு பங்கு கூடிவிட்டது. அதுவும் செட்டைகளில், அதாவது வாற்புறத்தில், மிகுதியாக ஏறினால் வேறொரு தீங்கும் உண்டு. ரொக்கெட்டு நேராகச் செல்வதற்கு அதன் புவியீர்ப்பு மையம், காற்றின் அமுக்கம் தாக்கும் மையத்துக்கு முன்னே இருத்தல் வேண்டும். அவ்வமுக்க மையத்தைக் கணக்கிடும் எளிய முறையை ஜேம்ஸ் பரோமன் என்பவர் 1966இல் மாதிரி ரொக்கெட்டாளர்களுக்கு அளித்தார். வால் பாரமேறினாற் புவியீர்ப்பு மையம் பின்னே நகர்ந்து, ரொக்கெட்டு வானிற் தடுமாறும். தடித்த பூச்சினாற் குறைகளை மறைக்க முயல்பவன் அழகையும் இழக்கின்றான், பறத்தலையும் இழக்கின்றான். தேய்த்துத் தேய்த்து மெல்லியதாக்கியவனுக்கு இரண்டும் கிட்டுகின்றன.

இவ்விரண்டும் ஒருங்கே வேண்டப்படும் போட்டிகளும் உள. 1972இல் யூகோஸ்லாவியாவின் விர்ஷட்ஸ் நகரில் நடைபெற்ற விண்வெளி மாதிரிகளுக்கான முதலாவது உலகப் போட்டியில், உண்மையான ரொக்கெட்டுகளின் அளவுப்படி செய்த மாதிரிகளுக்கென ஒரு பிரிவு இருந்தது. அத்தகைய பிரிவில் நடுவர்கள் மாதிரியை அணுவணுவாக ஆராய்ந்து மேனியின் செம்மைக்குப் புள்ளியிடுவர். அதன்பின் அதே மாதிரி பறந்தும் காட்டுதல் வேண்டும். கண்ணாடிப் பேழையில் வைத்துப் பாதுகாக்கத்தக்க ஒன்றை நெருப்பின்மேல் ஏற்றி வானுக்கு அனுப்புதல் வேண்டும்.

அந்தப் பறத்தல் எத்துணை நேரம் நீடிக்கும்? சிறிய மோட்டார் ஓரிரு விநாடிகளே எரியும். பின்னர்ச் சில விநாடிகள் ரொக்கெட்டு தன் வேகத்தினாலேயே மேலேறும். உச்சியில் மோட்டாரின் சிறு வெடிமருந்து பரசூட்டை வெளியே தள்ளும். அப்பொழுது கீழே நிற்பவன் வெயிலில் ஒரு வெள்ளிப் பொறி மின்னுவதைக் காண்பான். காற்று அதனை மரக்கிளையிற் சேர்த்தாலும் சேர்க்கும். கல்லின்மேல் இறக்கினாலும் இறக்கும். மூன்று வாரம் தேய்த்த மேனியிற் கீறலொன்று விழுந்திருக்கும். முதன்முறை அதனைக் கண்டு கலங்கும் சிறுவன், அடுத்த வாரம் அவ்விடத்தை அரத்தாளினாற் தேய்த்து மீண்டும் தொடங்குவான்.

அவன் கற்றுக்கொண்டது வர்ணம் பூசும் வித்தை மட்டுமன்று. இரும்புக் குழாயை எடுத்து ஒரே மாலையில் ரொக்கெட்டு செய்ய முனைந்தவர்களிடம் அறிவு குறைந்திருக்கவில்லை, ஆவலும் குறைந்திருக்கவில்லை. குறைந்திருந்தது பொறுமையே. உலர்வதற்கு வேண்டிய நேரத்தை வர்ணத்துக்குக் கொடுத்துப் பழகியவன், ஏவுதளத்தில் மோட்டார் பற்றாத வேளையில் உடனே ஓடிச்சென்று அதன்மேற் குனியமாட்டான். விதி கூறும் நேரம் விலகி நிற்பான். கடதாசியின்மீது உலோகத்தின் ஒளியை எழுப்பிய பொறுமை, அவன் விரல்களையும் கண்களையும் காக்கும் பொறுமையாகவும் அமைகின்றது. பார்ப்போர் புகழ்வது மேலேயுள்ள செதில்களை. அவற்றைத் தாங்கி நிற்கும் ஐந்தாறு பூச்சுகளையும், ஒவ்வொன்றுக்கும் இடையே அவன் காத்திருந்த நாட்களையும் செய்தவன் ஒருவனே அறிவான்.